ஒரு நிமிஷம் போட்ட ஜாக்கெட்

ஸ்கூட்டரில் என் இரண்டு வயது மகளை என்னோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வாங்க கரோல் பாக் போயிருந்தேன். அங்கே ஒரு பைக் சாமான் கடையில் நரைத்த கிராப்பும் மூக்குத்தியுமாய் ஒரு தமிழ்க்கார அம்மா, ஹெல்மெட்டுகளைத் தேங்காய் மாதிரி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கில் லடாக் போகிறாராம்.

“கூட வர்ற ஃப்ரெண்டுக்கு உன் அளவுதாம்மா. இந்த ரைடிங் ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டேன்” என்று மகளை வாங்கிக்கொண்டார்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன்.

“எங்க கிளம்பிட்ட?”

“மணாலி தாண்டி” என்றேன், யோசிக்காமல். பிறகுதான் மகள் அழுவது காதில் விழுந்தது. அவசரமாகக் கழற்றினேன்.

“அழட்டுமே, இன்னொரு தரம் போட்டுப் பாத்துக்கோ” என்று சிரித்தார்.

ஜாக்கெட்டை வாங்காமலே போய்விட்டார். அப்படி ஒரு ஃப்ரெண்ட் இருந்தாரா, தெரியவில்லை. தினமும் மகளைப் பெல்ட்டில் கட்டும்போது, அன்று அவள் எவ்வளவு நேரமாக அழுதுகொண்டிருந்தாள் என்றுதான் யோசிக்கிறேன்.