ரெண்டு கிலோ அரிசி

தோள்வலிக்காக இன்று காளவாசலில் பிசியோதெரபிக்குப் போனேன்.

"எப்பருந்துக்கா வலிக்குது?" என்று கேட்டாள் அங்கிருந்த பிசியோ பெண்.

"அம்மா போனதுக்கப்புறம்."

படுக்கையில் கிடந்த அம்மாவை வருடக்கணக்கில் நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். அப்போதெல்லாம் தோள் வலித்ததே இல்லை. காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள், "நீ செஞ்சது போதும்" என்று தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடவிடவில்லை. நானும் சும்மா இருந்துவிட்டேன். இதை அவளிடம் சொன்னேன்.

"அதான் தப்பாயிருச்சு. தசைய எலும்போட கட்டுற நாருக்குள்ள செல் இருக்குக்கா. இழுவை இருக்கான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். இருந்தாத்தான் நாரைப் பராமரிக்கும். பாரம் ஒரேயடியா நின்னுபோச்சுன்னா, இருக்குற நாரையே அரிச்சுரும். கொஞ்சங்கொஞ்சமாத் தூக்கிப் பழகுங்க. வீட்டுல ரெண்டு கிலோல எதுனா இருக்கா?"

 அப்படி எதுவும் வீட்டில் இல்லை.

வரும் வழியில் இரண்டு கிலோ அரிசி வாங்கினேன்.

"எப்பவும் அரைக்கிலோதான வாங்குவீக. வீட்டுக்கு யாரும் வாராகளா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே. தூக்குறதுக்கு."

 அவர் பொட்டலத்து நூலை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

இதையும் சமைத்துத் தீர்த்துவிட்டால் அடுத்து எதைத் தூக்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.