பால் தேத்தண்ணியும் ஒரு பாடகரின் தொண்டையும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, ஆஸ்பத்திரி வார்டில் ஓர் ஆபிரிக்கப் பாடகருக்குப் பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்கென்ன என்று கேட்பீர்கள். பதினொன்றரைக்கு அவருக்குத் தொண்டையில் ஒப்பரேஷன்.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

இவருக்கு – எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் – ஹேர்னியா ஒப்பரேஷன் முடிந்து சில நாள் வார்டில் வைத்திருந்தார்கள். நான் தினமும், இங்கே சிட்னியில், நார்த்மீட்டிலிருந்து பஸ் பிடித்து, ஒரு பிளாஸ்க்கும் சாப்பாட்டுப் பெட்டியுமாகப் போவேன். பக்கத்துக் கட்டிலில்தான் சாமுவேல். சியரா லியோன்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பு வரை தொங்கும் சடை. கழுத்தில் ஒரு மாங்காயளவு வீக்கம்.

நான் புது ஆட்களோடு லேசில் கதைக்க மாட்டேன், உங்களுக்குத் தெரியும். கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு இருந்துவிடுவேன். இவர் அப்படியா? பஸ் தரிப்பில் நிற்பவரின் பேரப்பிள்ளை வரைக்கும் விசாரிக்கிற ஆள். இரண்டே நாளில் சாமுவேலின் கதை முழுவதையும் கேட்டு, எனக்குத் தமிழில் சொல்லியும் முடித்துவிட்டார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். எண்ணெய்த் தகரத்தில் சைக்கிள் பிரேக் கம்பியை இழுத்துக் கட்டித் தானே செய்ததுதான் முதல் கிற்றார். ஞாயிறு தோறும் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த பையன், கப்பல்காரர் ஒருவர் விட்டுப்போன ரெகே கசற்றைக் கேட்டிருக்கிறார். அன்றோடு சரி. இருபத்தைந்து வயதில் அந்த நாட்டு மினிபஸ்களில் எல்லாம் இவர் பாட்டுத்தான்.

அதில் ஒரு பாட்டு அரிசியைப் பற்றியது. தோளில் துவக்கு வைத்திருப்பவன் வீட்டில் மட்டும் எப்படிச் சோறு வேகிறது என்று கேட்கிற பாட்டு. துவக்கு வைத்திருந்தவர்களும் அதைக் கேட்டுவிட்டார்கள். வானொலி நிலையத்துக்கு வந்து கசற்றுகளை மிதித்து உடைத்தார்கள். சாமுவேல் மீன் வள்ளத்தில் எல்லை தாண்டினார். பிறகு அகதி முகாம், ஆறு வருஷம். பிறகு சிட்னி.

"எங்கடை கதை மாதிரித்தான் கிடக்கு," என்றார் இவர்.

சிட்னியில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை, அதன்பின் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். சனிக்கிழமைகளில் பிளாக்டவுனில் ஒரு மண்டபத்தில் தன் நாட்டு ஆட்களின் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் பாடுவார். பாட்டை விட்டுவிடவில்லை. ஆனால், பாட்டும் அவரை அதற்கு மேலே கூட்டிக்கொண்டு போகவில்லை.

இந்த வருஷம்தான் ஊரிலிருந்து அழைப்பு. டிசம்பரில், தலைநகரத்து மைதானத்தில், இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு அதே அரிசிப் பாட்டைப் பாட வரச்சொல்லி. அழைப்பு வந்த மாதமே கழுத்து வீங்கத் தொடங்கியிருக்கிறது.

கட்டி குரல் நரம்போடு ஒட்டிக் கிடக்கிறதாம். விட்டால் மூச்சுக் குழாயை நெரிக்கும். வெட்டினால்... "பேச்சு வரும். பாட்டுக்கு நான் வாக்குத் தரமாட்டேன்," என்றிருக்கிறார் டாக்டர்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்தும் அந்த வேலையைச் செய்தேன்.

அன்று காலை இவரை நடக்கப் பழக்கவென்று ஒரு நேர்ஸ் பிள்ளை கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றினேன். ஏலக்காய் வாசம் வார்டு முழுக்கப் பரவியது. சாமுவேல் கட்டில் விளிம்பில் இருந்தார். சடை அடங்கவில்லையென்று தலைக்கு இரண்டு ஒப்பரேஷன் தொப்பி போட்டுவிட்டிருந்தார்கள். அவர் என் பிளாஸ்க்கையே பார்த்தார்.

ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் தனியே குடிப்போமா? தொண்டையில் இறங்குமா? மூடிக் கோப்பையில் நிறைய ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் கோப்பையைப் பார்த்தார். தலைக்கு மேலே தொங்கிய பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தானும் இரண்டு கையாலும் வாங்கி, ஆறுதலாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

அப்போதுதான் இவர் நடந்து திரும்பி வந்தார். கோப்பையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"என்னப்பா செய்தனீர்?"

"தேத்தண்ணி குடுத்தனான்."

"மேலை பலகையிலை என்ன எழுதிக் கிடக்குத் தெரியுமோ? வாயிலை ஒண்டும் படக்கூடாதாம்."

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் தமிழில். அந்தப் பலகையை இரண்டு நாளாகப் பார்க்கிறேன். அவருடைய பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.

இனி என்ன செய்வது? பால் வயிற்றில் கிடக்க மயக்க மருந்து கொடுத்தால், அது மேலே ஏறி நெஞ்சுக்குள் போய்விடுமாம் – இவர் சொன்னார். சொல்லிவிட்டால் ஒப்பரேஷன் நிற்கும். வரிசை தவறினால் திரும்ப எப்போது கூப்பிடுவார்களோ? டிசம்பர் போய்விடும். மூச்சே போனாலும் போய்விடும். சாமுவேலைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வாசலில் தள்ளுகட்டில் வந்து நின்றது.

கூட்டத்தில் எழும்பிப் பேசச் சொன்னால் காய்ச்சல் வருகிற ஆள் நான். அன்று நேர்சுமார் மேசைக்கு நடந்தது ஒரு இருபது அடிதான் இருக்கும். நாலைந்து பேர் நின்றார்கள். நல்ல காலம், ரம்யாவும் நின்றாள். கெல்லிவில்லில் இருந்து வேலைக்கு வருகிற மதுரைப் பிள்ளை, இந்த வார்டு நேர்ஸ்.

"பிள்ளை, நான் ஒரு பிழை விட்டிட்டன்," என்றேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவள் தன் நெற்றியில் கை வைத்தாள். "பால் கலந்ததா, ஆன்ட்டி?"

"ஓம்."

"எவ்வளவு?"

"முழுக் கோப்பை."

அவள் டெலிபோனை எடுத்தாள். மயக்க மருந்து டாக்டர் வந்தார். வெட்டுகிற டாக்டரும் வந்தார். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். தள்ளுகட்டில் வெறுமையாகத் திரும்பிப் போனது. மூன்று மணி வரைக்கும் ஒரு பதிலும் இல்லை. நான் அந்தப் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, களவு செய்து பிடிபட்டவள் மாதிரி இருந்தேன்.

மூன்று மணிக்கு ரம்யா வந்தாள். நாளைக்குக் காலையில் ஒரு இடம் கிடைத்திருக்கிறதாம். "உங்க லக், ஆன்ட்டி. இல்லைன்னா கிறிஸ்மஸ் தாண்டித்தான்."

நான் சாமுவேலின் கட்டிலருகே போய், எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மம்மா, எனக்கு வாசிக்கத் தெரியும்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. தெரிந்துதான் குடித்திருக்கிறார்! அவருக்குப் பயம். இந்தக் குரலோடு இன்னும் ஒரு நாள் இருந்துவிட வேண்டும் என்ற ஆசை. வேண்டாமென்று டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து நான் கோப்பையை நீட்டியிருக்கிறேன்.

இரக்கம் வந்திருக்க வேண்டும்தான். வந்தது கோபம். காலையிலிருந்து என் உயிர் என்னிடத்தில் இல்லையே. "நான் பயந்து செத்துப்போனேன்," என்று சொல்லிவிட்டேன் – நான், ஒரு அந்நிய ஆம்பிளையிடம்!

"நானும்தான்," என்றார்.

அதற்கு மேலே கோபிக்க என்ன இருக்கிறது? வாசிக்கத் தெரியாமல் விடுகிற பிழை ஒரு விதம். வாசிக்கத் தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது இன்னொரு விதம். இரண்டாவதைத்தான் உலகம் அதிகம் செய்கிறது. ஸ்கேன் கடிதத்தைப் பிரிக்காமல் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

நாலு மணிக்கு சாமுவேல் தன் போனை இவரிடம் கொடுத்து வீடியோ பிடிக்கச் சொன்னார். கட்டில் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டு, அரிசிப் பாட்டைச் சின்னக் குரலில் பாடினார். அடி விழவேண்டிய இடத்தில் விழாமல், கொஞ்சம் பிந்தி விழுகிறது. வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வர யோசிக்கிறவர் மாதிரி. ஒவ்வொரு முறையும் அந்த அடி வருமோ வராதோ என்று எனக்கு நெஞ்சு இடித்தது. ரம்யா பிரஷர் பார்க்க வந்தவள், பார்க்காமல் நின்றாள்.

மறுநாள் எட்டு மணிக்குக் கொண்டுபோனார்கள். இவருக்குப் பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போகவில்லை. கீழே கன்ரீனில் இருந்தோம். இரண்டு மணிக்கு மேலே போனோம்; கட்டில் திரும்பி வந்திருந்தது. கழுத்தில் குழாய். கண் பாதி திறந்திருந்தது. சத்தம் இல்லை.

அடுத்த நாள் நான் தனியே போனேன். என்னைக் கண்டதும் அவர் பிளாஸ்க்கைக் கையால் காட்டினார். வாய் திறக்கவில்லை.

நான் மூடியைத் திறக்கவில்லை. தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினேன். "வாசியுங்கோ," என்றேன். தமிழில்தான்.

அவர் கழுத்தை மெதுவாகத் திருப்பினார். தொண்டை ஏறி இறங்கியது. ஒரு கணம்... இன்னொரு கணம்... பிறகு மணல் அரிக்கிறது போல ஒரு குரல், ஆனால் அவருடைய குரல்தான்: "மெதுவான சாப்பாடு. தேத்தண்ணி குடிக்கலாம்."

ஊற்றினேன். பாதி கோப்பைக்கு வெளியே போய்விட்டது.

பேச்சு வந்துவிட்டது. பாட்டு கீழ்ச் சுருதியில் வருகிறதாம், மேலே ஏறவில்லையாம். டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டார். இதையெல்லாம் எழுதச் சொன்னவரும் அவர்தான். ரம்யா, இதை வாசித்தால் எங்கள் இருவரையும் மன்னித்துக்கொள்.

இன்னுமொன்று. அன்று நான் வெளிக்கிடும்போது ரம்யாதான் சொன்னாள் – அந்தப் பலகையில் தேத்தண்ணி என்று ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லையாம்.

பாடகர் அல்லவா... ஒரு வரி கூட்டிப் பாடிவிட்டார்.