நகத்தில் ஒட்டிய பொட்டு

அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டைக் கழற்றினால் வியர்வையும் பவுடரும் கலந்த ஒரு மணம் வரும். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அந்தப் பொட்டைத் தொலையாமல் வைத்திருக்கும் இடம் என் பெருவிரல் நகம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பாதையில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக, தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பாயின் நிறக்கோடுகள் போல மாறி மாறி வரும். கிழக்கு மாகாணத்தில் உள்ளே தள்ளிப் போனால் சிங்கள ஊர்களும் உண்டு. சந்தைக்கும் வயலுக்கும் ஒருவரையொருவர் தேடிப் போன சனங்கள், சண்டை மூண்ட பிறகு மற்றவரின் ஊரைக் கடக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். முஸ்லிம் ஊர் வந்தால் அம்மா பொட்டை என் நகத்தில் ஒட்டிவிட்டுச் சேலைத் தலைப்பால் "முக்காடு" போடுவார். தமிழ் ஊர் வந்தால் பஸ்ஸில் இருக்கும் முஸ்லிம் பெண்கள் முக்காட்டை இறக்குவார்கள். அதை ஒருவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

கல்முனையில் கடையொன்றில் வேலை செய்த அப்பாவைப் பார்க்க ஒருநாள் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெண் எனக்குக் கச்சான் கடலை உரித்துத் தந்தபடி வந்தார். ஒரு முஸ்லிம் ஊரைத் தாண்டிய உடனேயே பஸ் குலுங்கி நின்றது. வெளியே துவக்குகளை நீட்டியபடி தமிழ் இயக்கப் பெடியன்கள். அந்தப் பெண் முக்காட்டை இறக்கினார். மடியிலிருந்த கச்சான் கோதெல்லாம் கீழே சிந்தியது. அம்மா தன் முக்காட்டையும் இறக்கிவிட்டு, என் நகத்திலிருந்து பொட்டை உரித்து அவருடைய நெற்றியில் ஒட்டினார். எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

ஏறி வந்தவன் அவரைப் பார்த்துக் கடந்து, வெறும் நெற்றியோடு இருந்த அம்மாவின் முன்னால் நின்றான்.

"பொட்டு எங்க?"

"இவட அப்பா செத்துப்போயிட்டார், தம்பி."

அது பொய்யென்று எனக்குத் தெரியாது. நான் வைத்த ஓலத்தில் பஸ்ஸே அதிர்ந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, வண்டிய எடு" என்று இறங்கிப் போனான்.

"உன்ட வாப்பா நல்லாத்தான் இரிக்கார் புள்ள. உம்மா சும்மா சொன்ன" என்று அந்தப் பெண் என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். நான் நம்பவில்லை. தன் ஊர் வந்ததும் பொட்டைக் கழற்றி என் நகத்திலேயே ஒட்டிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டு இறங்கினார். அவருடைய பெயரைக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

கல்முனை பஸ் நிலையத்தில் அப்பா கடதாசியில் சுற்றிய வடைச் சரையோடு நின்றார். "என்ன, தாயும் மகளும் கோழிக்கள்ளர் மாதிரி முழிக்கிறீங்க?" என்று சிரித்தார். நான் அவருடைய சட்டையைப் பிடித்தபடியே நின்றேன். அம்மா என் நகத்திலிருந்து பொட்டை வாங்கி, ஒட்டாமல் போய்விடுமோ என்பதுபோல வெகுநேரம் நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பாதையில் துவக்குகள் இல்லை. பஸ் எல்லா ஊரையும் ஒரே ஓட்டமாகக் கடக்கிறதாம். நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய வோபர்னில், எங்கள் அப்பாட்மென்றில் இருந்து அப்பா பின்னேரங்களில் தமிழ்க் கடைவரை நடந்துவிட்டு வருவார். திரும்பி வரக் கொஞ்சம் சுணங்கினால் அம்மா கதவடியில் வந்து நிற்பார், பொட்டின்மேல் ஒரு விரலை அழுத்தியபடி.

"அண்டைக்கு பஸ்ஸில என்ட வாயால அப்பிடிச் சொல்லிப்போட்டன் மகள்" என்பார், என்னிடம் மட்டும்.

நானும் பக்கத்தில் போய் நிற்பேன். லிஃப்ட் திறக்கும் சத்தமும் அப்பாவின் இருமலும் கேட்ட பிறகுதான் அந்த விரல் நெற்றியை விட்டு இறங்கும்.