நாலு மணிக்கு இரண்டு பேர்

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும் என்பது முப்பத்தைந்து வயதுவரை எனக்குத் தெரியாது. அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க். எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளும் புனிதர்களும் மட்டும்தான் இருப்பார்கள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேமரா கடை போட்ட பிறகுதான் நல்ல நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டிவந்தது. எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு, நேரம் வரட்டும் என்று சுவிட்சைத் தொடாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்த வீடுகள் உண்டு. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே கறுவுவேன்.

வாடிப்பட்டிக்கு மேற்கே தென்னந்தோப்புக்குள் இருந்த வீட்டிலும் அப்படித்தான் கறுவினேன். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா இரண்டு மாடுகளோடு தனியாக இருந்தார். அவர் கணவர் உயிரோடு இருந்தபோது மாட்டிய நான்கு பழைய கேமராக்கள் ஒயரில் ஓடுபவை. படங்களைச் சேமித்துவைக்கும் ரெக்கார்டர் இடி இறங்கிக் கருகிவிட்டதால் வேறொன்று கொண்டுபோயிருந்தேன். ஒத்தக்கடையில் இருக்கும் மகள் தன் பங்குக்கு ஆன்லைனில் ஒரு வைஃபை கேமரா வாங்கிக் கொடுத்திருந்தாள். எல்லாம் ஒரே டிவியில் தெரிய வேண்டும் என்பது அவளுடைய உத்தரவு.

அந்த அம்மா அன்று ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"பத்தரைக்குள்ள ஓட விட்டுருங்க தம்பி. அதுக்கு மேல ராகு காலம். நான் வந்து மொதப் படத்தைப் பார்ப்பேன்."

வைஃபை கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவே இல்லை. வேறு வேறு கம்பெனி. பாஸ்வேர்டை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், கடைசியில் என் பொறுமையும் போனது. பழைய நான்கும் டிவியில் ஓடட்டும், வாசலைப் பார்க்கும் வைஃபை கேமரா தனியாக அந்த அம்மாவின் போனில் ஓடட்டும் என்று விட்டுவிட்டு ரெக்கார்டரை ஓடவிட்டபோது என் கைக்கடிகாரத்தில் மணி பதினொன்றேகால்.

ரெக்கார்டரின் கடிகாரத்தில் பதினொன்றைப் பத்தாக்கினேன். ஒரே ஒரு அமுக்கு. சந்தேகம் வராமல் இருக்க, டிவியில் ஓடும் படத்தின் மூலையில் நேரம் தெரியாதபடி மறைத்தும் வைத்தேன். பழைய படத்தை எடுத்துப் பார்த்தால் மட்டும் நேரம் தெரியும். அந்த அம்மா வந்து முதல் படத்தைப் பார்த்தார். பத்தே கால். முகமெல்லாம் மலர்ந்துபோய், சாப்பிடாமல் போகக் கூடாது என்று இலை போட்டார். சாப்பிட்டதும் கடிகாரத்தைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் டிவி முன்னாலிருந்து நகரவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியைக் கிளப்பினேன். அப்படியே மறந்தும் போனேன்.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க தம்பி. போன்ல சொல்ல முடியாது."

போனபோது உச்சி வெயில். தோப்புக்குள் மட்டைகூட அசையவில்லை. அந்த அம்மா பாதியாக இளைத்திருந்தார். என்னை டிவி முன்னால் உட்கார வைத்து, தன் போனையும் என் கையில் கொடுத்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் பித்தளைச் செம்பு ஒன்று காணாமல் போக, பழைய படங்களைத் தேடிப் பார்த்திருக்கிறார்.

"ரெண்டுலயும் சாயங்காலம் நாலு மணியைப் போட்டுப் பாருங்க."

போனில் அவர் வாசல்படியில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். டிவியில் அவர் மாட்டுத் தொழுவத்தில் குனிந்து பால் கறந்துகொண்டிருந்தார். அதே நாள். அதே நாலு மணி. அதே ஊதாச் சேலை.

"மொத நாளைப் பாருங்க. அதுக்கு மொத நாளையும் பாருங்க."

பார்த்தேன். எல்லா நாளும் இருவர் இருந்தார்கள். தொழுவத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த வெயிலில், அந்தப் பட்டப்பகலில், வாய்க்குள் அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிறகுதான் நிழல் கண்ணில் பட்டது. வாசலில் தூணின் நிழல் குட்டையாக இருந்தது. தொழுவத்தில் மாட்டின் நிழல் சுவர்வரை நீண்டு கிடந்தது. அது ஐந்து மணி வெயில். நான் பிடுங்கிய ஒரு மணி நேரம்.

அப்பாடா என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் பேசினார்.

"தன்னைத் தானே ரெண்டாப் பார்த்தவுக ரொம்ப நாள் இருக்க மாட்டாகன்னு எங்க பக்கம் சொல்லுவாக. வயித்துல கட்டி இருக்கு தம்பி. மதுரையில ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருந்தாக. வேணாமுன்னு சொல்லிட்டேன். போற உசுருக்கு எதுக்கு அறுப்பு?"

"அம்மா, அது அப்படியில்ல..."

"நல்ல நேரத்துல ஓட விட்டீகல்ல? அதான் பொய் சொல்லாமக் காட்டிக் குடுத்துருச்சு."

நேரத்தை மாற்றியது நான்தான் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்னால் ராகு காலத்தில் தொடங்கியதையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து வேலையெல்லாம் வாய்வழியாக வருவது. ஒரு தோப்பில் பொய்யன் என்று பேரெடுத்தால் பத்துத் தோப்புக்குப் போகும். இப்படியெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டேன். வெட்கம்தான்.

"ஒயர்ல கோளாறும்மா. ரெண்டு சாதிக் கேமராவும் ஒத்துப்போகல. இப்ப சரியாயிரும். நீங்க ஆபரேஷனுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மோர் எடுக்க உள்ளே போனபோது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினேன். சரிசெய்தாயிற்று, இனி படத்தில் ஒருவர்தான் தெரிவார், பயமும் போய்விடும் என்று நம்பினேன்.

மூன்றாம் நாள் மறுபடி போன். குரல் மிக மெதுவாக இருந்தது.

"அவளைக் காணோம் தம்பி. நாலு மணிக்குத் தொழுவம் காலியாக் கெடக்கு."

"நல்லதுதானம்மா. கோளாறு சரியாயிருச்சு."

"இல்ல தம்பி. அவ முன்னாடி போயிட்டா."

அப்போதும் நான் சொல்லவில்லை. நேரில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு முறை வண்டியை எடுத்தேன். ஒரு முறை வாடிப்பட்டிவரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நான்கு மாதம் கழித்து மகள் கூப்பிட்டாள். கட்டி பெருத்து, கடைசிவரை ஆஸ்பத்திரிக்கு வர மறுத்து, அம்மா இறந்துவிட்டார். காரியம் முடிந்தது. வீட்டைப் பூட்டப் போகிறார்கள். கேமராக்களைக் கழற்ற வேண்டும்.

கழற்றும் முன் டிவியில் அவருடைய கடைசி வாரங்களின் நாலு மணியைப் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. மகள் என் பின்னால் வந்து நின்றாள்.

தொழுவம். இரண்டு மாடுகள். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அந்த அம்மா வாசல் பக்கமிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். பால் செம்பு கையில் இல்லை. வைக்கோல் படப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு கேமராவுக்கு நேர் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டார். உதடு அசைந்தது. பழைய கேமராக்களில் சத்தம் பதியாது. கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ரெக்கார்டரின் கடிகாரம் இப்போது என் கைக்கடிகாரத்தோடு நிமிடம் பிசகாமல் ஓடியது.

"அம்மா யாரைத் தேடுறாங்கண்ணே?" என்றாள் மகள்.

அவளிடமாவது சொல்லியிருக்கலாம்.

"மாட்டைத் தேடியிருப்பாங்கம்மா" என்றேன்.

இரண்டு மாடுகளும் அந்தப் படத்திலேயே கட்டிக் கிடந்தன.