அட்டைக்கடி என்று நினைத்த புண்

ஓரிடத்தில் நிலைத்து வேலை செய்கிறவன் இல்லை நான். வெள்ளக்கடையில் மிளகு, நாகலூரில் காப்பி என்று எஸ்டேட் மாறிப் பறிப்பேன். மலைக்குளிரில் வெயில் உறைக்காது. தலையில் துண்டுகூடக் கட்டியதில்லை. காது மடலில் புண் வந்தபோது, அட்டைக்கடி என்று சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஊர் சுற்றினேன்.

மறுவருடம் நாகலூரில், போன வருடமும் கூடப் பறித்த செல்லம்மா அக்கா அதைக் கவனித்தார்.

"ஏனுங்க தம்பி, போன வருசப் புண்ணு இன்னும் ஆறலீங்களா? அட்டை உங்க காதுலயே ஊடு கட்டிக்கிச்சா?"

அன்றே சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அங்கே ஆஸ்பத்திரியில் சதையை எடுத்துச் சோதித்தார்கள். குளிரில் உறைக்காமலே பட்ட பல வருட வெயிலால் வந்த தோல் புற்றுநோய் என்றார் டாக்டர். பரவுவதற்குள் வந்ததால் காதின் ஓரத்தை வெட்டியதோடு தப்பினேன்.

இப்போது மூடுபனியிலும் காதை மூடித் துண்டு கட்டுகிறேன். ஊர் மாறுவது நிற்கவில்லை. நாகலூர் வழியாகப் போனால் மட்டும், அக்காவிடம் காதைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுகிறேன்.