வாய் ஓயாத வேலை

எங்கள் வீட்டில் என்னை யாரும் வாயை மூடு என்று சொன்னதில்லை. மற்ற பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தார்கள். எனக்கு மட்டும் "பேசுடா, பேசு" தான். என் பேச்சு அவ்வளவு இனிமை என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் கொடி பறந்த காலம் அது. நாங்கள் ஏரியில் கையால் இறால் பிடிக்கிற சனம். வலை கிடையாது, படகு கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் வரிசையாகக் குனிந்து, சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். பிடித்ததைப் போட ஆளுக்கு ஓர் ஓலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அதனால் வேலை நேரத்தில் ஒருவரும் பேச முடியாது. பெரிய இறால் கோட்டைச் சமையலுக்குப் போகும். பொடிசு எங்கள் குழம்புக்கு வரும்.

ஏழு வயதில் எனக்குக் காக்கா வலிப்பு கண்டது. முதல்முறை அடுப்பண்டை, முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்தது கரையில், இறால் வாங்க வந்த கோட்டை ஆளின் காலடியில். அவன் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு ஓடியது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு என்னைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. ஏரியில் இறங்காத பிள்ளைக்கு எங்கள் சனத்தில் செய்ய வேறு வேலை இல்லை. கரையில் உட்கார்ந்து அழுதேன். அதையும் உரக்கத்தான் செய்தேன். அதைக் கேட்டுத்தானோ என்னவோ, நைனாவின் அக்கா, என் அத்தை, ஒரு வழி சொன்னாள்.

"வரட்டும்டா. நடுவுல வெச்சிக்கலாம். பறி கெடையாது. வாய் ஓயாம கத சொல்லிக்கினே வரணும். நிறுத்துனான்னா கரைக்குப் போவட்டும்."

இப்படியாக எனக்கு வேலை கிடைத்தது. வலப்பக்கம் அத்தை, இடப்பக்கம் நைனா, பின்னால் அம்மா. நான் நடுவில் கதை சொல்லிக்கொண்டு போவேன். கோட்டைத் துரையின் டோப்பா ஏரியில் விழுந்து, அதில் ஒரு நண்டு குடியேறி, தெரியாமல் துரை அதை எடுத்து மாட்டிக்கொண்ட கதை. நண்டு கடிக்கும்போதெல்லாம் துரை ஒரு கட்டளை போடுவார். இழுத்தால் மழைக்காலம் வரைக்கும் வரும்.

ஆனால் அத்தை மகள் என்னைவிடச் சின்னவள், அவள் பல்லில் பறி இருந்தது. கரையேறியதும் கேட்பாள்: "இன்னிக்கி இன்னா புட்ச்ச? காத்தா?"

ஒருநாள் பொறுக்க முடியாமல், அம்மாவின் பழைய பறியைத் தண்ணீருக்கடியில் மறைத்துக் கொண்டுபோனேன். துரை தலையைச் சொறியக் கையைத் தூக்கிய இடத்தில் கதையை விட்டுவிட்டுக் கயிற்றைக் கடித்தேன். சேற்றில் கை வைத்ததும் ஒரு இறால் உள்ளங்கையில் துள்ளியது.

அடுத்த நொடி நான் ஆகாயத்தில் இருந்தேன். நைனா இரண்டு கையாலும் என்னைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவர் பறி கவிழ்ந்து, காலையிலிருந்து பிடித்தது முழுக்க ஏரிக்கே திரும்பிப் போனது. அத்தை என் தலையைப் பக்கவாட்டில் திருப்பினாள். அம்மா மடியிலிருந்து ஒரு இரும்பாணியை எடுத்து என் கையில் திணித்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லலாம்தான், வாயில் பறி.

அதை அப்போதுதான் நைனா பார்த்தார். என்னை இறக்கிவிட்டு ஓர் அறை விட்டார். பிறகு அறைந்த கன்னத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். 

"பேசுடா."

"இன்னாத்தப் பேச?"

"எத்தையாவது பேசு."

என் குரல் நின்றால் நான் தண்ணீருக்குள் போய்விட்டேன் என்று அர்த்தம். அதற்காகத்தான் எனக்கு அந்த வேலை. இது எனக்குப் புரிய, எனக்கொரு பிள்ளை பிறந்து, அது ஒருநாள் தண்ணீரோரம் சத்தமில்லாமல் இருக்க வேண்டியிருந்தது.

வலிப்புப் பிள்ளை தலையெடுக்காது என்றார்கள். எடுத்தேன், சற்றுக் கோணலாக. மீசை முளைத்த பிறகு வலிப்பு மெல்ல விலகியது. சும்மா போகவில்லை, பாதி ஆட்களின் பெயரை என் தலையிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. பெண் கிடைப்பதற்குள் மீசையில் நரை வந்துவிட்டது. இப்போதும் எப்போதாவது, வழி தப்பாத உறவுக்காரன் போல எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நான் பேசாமல் சாப்பிட்டால் என் வீட்டுக்காரி கரண்டியும் கையுமாக வந்து நின்றுவிடுவாள். மற்ற நேரத்தில், காது வலிக்கிறது என்பாள்.

அன்று சாயங்காலம் அறை வாங்கிய கோபத்தில் கேட்டேன்: "கதய எங்க நிறுத்துனேன், சொல்லுங்க."

நைனா அத்தையைப் பார்த்தார்.

"அதாண்டா, தொர குதிரமேலர்ந்து வுழுந்தாரே," என்றாள் அத்தை.

"இல்ல அண்ணி, பிசாசு வந்திச்சி," என்றாள் அம்மா.

என் கதையில் குதிரையும் இல்லை, பிசாசும் இல்லை. இத்தனை நாளாக ஒருவர்கூட ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவமானத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் ஏரியில் இறங்கியதும், வேண்டுமென்றே அதே கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். முன்பே கேட்டதுதானே என்று யாரும் தடுக்கவில்லை. மூன்று பேரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அறை வாங்கிய பிறகுதான் இவர்களுக்குக் கதையின் அருமை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.