சத்தம் போடாத வீடு

நான் பள்ளியில் ஆலோசக ஆசிரியை. மூன்றாம் ஆண்டு மாணவி தர்ஷினி வகுப்பில் எதைக் கேட்டாலும் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்கு அவளை மாற்ற முடிவு செய்தேன். சம்மதம் தர அவளுடைய அம்மா பள்ளிக்கு வராததால், ஒரு மதியம் பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த அவர்கள் ஃபிளாட்டுக்கே போனேன்.

தர்ஷினிதான் கதவைத் திறந்தாள். "மெதுவா பேசுங்க டீச்சர். அம்மாவுக்கு நைட் ஷிப்ட். தூங்குறாங்க."

டிவி சத்தமே இல்லாமல் ஓடியது. தங்கையிடம் கிசுகிசுவென்று கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நல்ல கதை.

என் குரல் கேட்டு அம்மா எழுந்து வந்தார். சிறப்பு வகுப்பு என்று நான் தொடங்கியதுமே தலையாட்டினார். "நீங்க சொன்னா சரிதான் டீச்சர். எங்க சைன் பண்ணணும்?"

எடுத்து வந்திருந்த சம்மதப் படிவத்தைக் கைப்பைக்குள் திணித்தேன்.

இதற்கு முன் கையெழுத்துப் போட்ட பெற்றோர் எல்லாரும் கூப்பிட்டதும் பள்ளிக்கே வந்தவர்கள். அவர்களுடைய வீடுகளை நான் பார்த்ததே இல்லை.